அவர் போனில் இருந்த ஒரே பெயர்

அன்பு மகள் அங்காளேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன், நீயும் மாப்பிள்ளையும் குவைத்தில் மெய்யாகவே சுகமாக இருங்கள். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் நீ அழுகிறாய், அப்புறம் நான் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது. பக்கத்து வீட்டு இம்மானுவேல் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, சிரிக்காமல் படி. அப்பாவுக்கு நாற்பதாம் நாள் கும்பிட்டாயிற்று, உன் சித்தப்பா கூட நின்று எல்லாம் செய்தார். ஆட்டோ வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அப்பா போன் நம்பரை நிறுத்திவிடுகிறேன் என்று நீ நாலு தடவை சொன்னாய், நானும் பேச்சை மாற்றிவிட்டேன். நிறுத்தாதே. ஏன் என்று சொல்லத்தான் இம்புட்டும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கு சவாரிக்காரர்கள் பெயர் மனதில் நிற்காது, ஆள்தான் நிற்கும். போனில் மைக்கை அமுக்கி அடையாளத்தைச் சொல்லிப் பதிந்து வைப்பார். அணைந்து கிடந்த போனைப் போன மாசம்தான் சார்ஜ் போட்டு, எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். ரெண்டு குடை டீச்சர் என்று இருக்கிறது, ஏறுனதும் தூங்குற வக்கீல் என்று இருக்கிறது, கட்டைக்குரல் சார், பேரம் பேசாத பாய். மாசமா இருக்குற பொண்ணு என்று ஒருத்தி இருந்தாளே, அவள் இப்போது ஆம்பளப்புள்ள பெத்த பொண்ணு ஆகிவிட்டாள், அதைக்கூட மறக்காமல் மாற்றி வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே அழுதேன். கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அடையாளம் இல்லை, வெறும் பெயர். கனகலட்சுமி. யார் இவள் என்று திரும்பத் திரும்பப் படித்தேன் தாயி. அதோடு விட்டேனா, என்னைத் தேடினேன். சீனியம்மாள் என்று இல்லை, வீடு என்று இல்லை, பொண்டாட்டி என்றும் இல்லை. உங்களுக்கு மட்டும் அண்ணன் பத்து நம்பரையும் கையாலதான் அமுக்குவாருக்கா, மனப்பாடம்க்கா என்று இம்மானுவேல் சொன்னான். என்னைத் தேற்றச் சொன்னானோ என்னவோ, நான் தேறவில்லை. முப்பத்தொரு வருசம் என்னை இந்தா என்றும் ஏய் இவளே என்றும்தான் கூப்பிட்டார், நானும் இங்க பாருங்க என்பதோடு சரி, அவர் பெயரை ஒருநாள் சொன்னதில்லை, இந்தக் கடிதத்தில் எழுதக்கூட கை வரவில்லை. எவளோ ஒருத்தி பெயர் மட்டும் அவர் வாயில் சுளுவாக வந்திருக்கிறது.

ஆட்டோ ஸ்டாண்டில் நல்லகாமன் அண்ணனைக் கேட்டேன். அது திருநகர்ல சௌராஷ்டிராக்காரவுக வீடு, நீ எதுக்குத்தா கேக்குற என்று இழுத்தார். அந்த இழுப்பே எனக்குப் போதுமாக இருந்தது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போனேன். கேட்டுக்குள் நாற்காலி போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், அறுபது இருக்கும், செக்கச் செவேல் என்று, தலை நிறைய மல்லிகை, கைப்பை மடியில். எங்கோ கிளம்பி நிற்கிற தோரணை. நீதானா கனகலட்சுமி என்றேன். ஆமா என்று சிரித்தாள். அவரு செத்து ஐம்பது நாளாச்சு என்று கல்லெறிகிற மாதிரி சொன்னேன். யாரு என்று அவள் கேட்கவே இல்லை. உன் அப்பா பெயரைச் சொல்லி, அய்யோ என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் சொல்லாத பெயரை அவள் அப்படிச் சொல்லி அழுதபோது எனக்கு அவளை அறையத் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

அவள் மருமகள் பிருந்தா ஓடிவந்து என்னை உள்ளே உட்காரவைத்தாள். காபி வந்து ஆறுவதற்குள் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ இன்னும் வரலையா பிருந்தா என்றாள். என்னைப் பார்த்து, நீங்க யாரு என்றாள். மூன்று வருசமாக மறதியாம். பெற்ற மகனையே சில நாள் யாரோ என்று பார்ப்பாளாம், அம்மா என்றாலும் அத்தை என்றாலும் திரும்ப மாட்டாளாம், அவள் பெயரைச் சொன்னால் மட்டும் ஆள் திரும்பி வருவாளாம். பிருந்தா அதை உன் அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அண்ணே வாசல்கிட்ட நின்னு கனகலட்சுமீன்னு கூப்புட்டா அத்தை சின்னப்புள்ளையாட்டம் ஓடியாருவாங்கக்கா என்றாள். செவ்வாயும் வெள்ளியும் வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டிக் கூட்டிவந்து விடுவாராம், அந்தப் பக்கம்தான் அவள் பிறந்த வீடு இருந்ததாம். பாவம்தான். ஆனாலும் என்னை அந்த ஆட்டோவில் ரேஷன் கடையைத் தாண்டி எங்கே கூட்டிப்போனார் சொல்லு. எனக்கும் நாளைக்கு புத்தி மறந்துபோனால் என்னை எதைச் சொல்லித் திருப்புவது? இந்தா என்றால் யார் வேண்டுமானாலும் திரும்புவார்கள்.

இப்போது செவ்வாய், வெள்ளி காலையில் அப்பா போன் அடிக்கிறது. கெளம்பியாச்சா, நான் சேலை கட்டிட்டேன் என்பாள். முதலில் ரெண்டு தடவை கட் பண்ணினேன். உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் புதுச் சாவு, சொல்லிறாதீங்கக்கா என்று பிருந்தா கெஞ்சினாள். அதனால், கெளம்பிட்டாரும்மா, வந்துக்கிட்டு இருக்காரு என்கிறேன். நீ யாரு என்கிறாள். வீட்ல இருந்து பேசுறேன் என்கிறேன். சரி சரி என்று சந்தோசமாக வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். என் வாயால் சொல்லி அவளுக்கு உன் அப்பா வந்துகொண்டே இருக்கிறார். பெயரைக் கண்டு வந்த பொறாமைகூடத் தணிந்துவிட்டது, இந்தப் பொறாமை தணிய மாட்டேன் என்கிறது. போனை வைத்ததும் நானும் ஒரு தடவை தெருவை எட்டிப் பார்க்கிறேன். ஆட்டோ கண் முன்னால் மூடி நிற்கிறது, இருந்தும் பார்க்கிறேன்.

அதனால் நம்பரை நிறுத்தாதே. வெயிலில் டூட்டிக்குப் போகும்போது தண்ணீர் குடி, மாப்பிள்ளையோடு வாயாடாதே. உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் வராது, உன் அப்பா மேலே இருந்து பார்த்துக்கொள்வார், நான் கீழே இருந்து பார்த்துக்கொள்கிறேன். இன்னொன்று. உன் போனில் என்னை என்னவென்று பதிந்திருக்கிறாய்? அம்மா என்று இருந்தால் பக்கத்தில் பெயரையும் போடு. ஊரில் எல்லாருக்கும் அம்மா உண்டு.

உன்னைப் பெற்றவள்,
சீனியம்மாள்.