சிரிலோகிட்ட பேசுறது வியாதியா?

எல் ஆல்ட்டோ, அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகன் எல்மருக்கு அம்மா செனோபியா ஆசீர்வாதத்தோட எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் மேலுக்கு நல்லாத்தான் இருக்கோம், போன வாரம் பேஞ்ச ஆலங்கட்டில தகரக் கூரை பொத்தலானதைத் தவிர வேற குறை இல்ல. நீயும் நல்லா இருக்கேன்னு போன் பண்றப்பல்லாம் சொல்ற, அதைத்தான் நான் நம்பல. முன்னெல்லாம் காதே சுடுற அளவுக்குப் பேசுவ, தையல் கூடத்துல யாரு எந்த மெஷின், முதலாளி கொரியாக்காரர் எதுக்குக் கத்தினாரு, கருப்பு பீன்ஸைப் போட்டுப் போட்டு நாக்கு செத்துப்போச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுவ. இப்ப என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்மா, சொல்றதுக்கு என்ன இருக்கு, வைக்கிறேங்கிற. அதான் காகிதத்துல எழுதறேன், இதைப் பாதியில வைக்க முடியாது பாரு. எதிர்வீட்டு கிளாடிஸ் சாவோ பாலோவுக்கு பஸ் ஏறுறா, அவ கையில கொடுத்திருக்கேன். ஒட்டித்தான் கொடுத்திருக்கேன், ஆனாலும் ஓரத்தை நல்லாப் பாரு, அவளுக்கு ஊர்க்கதைன்னா சோறு தண்ணியே வேண்டாம், பிரிச்சுப் படிச்சிருப்பா.

உன் எவாரிஸ்டா பெரியம்மா சங்கதியை உனக்குச் சொல்லாம மறைச்சு வெச்சிருந்தேன், இப்ப சொல்லிடறேன். செப்டம்பர் கடைசில அவ மருமக நார்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அக்காவை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. அங்க புதுசா வந்திருக்கிற மனநல டாக்டரம்மா விசாரிச்சுட்டு, மண்டையோட்டுகிட்ட பேசுறாங்களா, அது பதிலும் சொல்லுதா, அப்ப இது மூளைக்கோளாறாத்தான் இருக்கும், பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாத்துடலாம்னு சொல்லிட்டாங்களாம். இதையும் நார்மா சொல்லல, அவ புருஷன் ரெமி மினிபஸ் ஓட்டிட்டுப் போறப்ப ஜன்னல் வழியா எங்கிட்ட கத்திட்டுப் போனான். மண்டையோடுன்னு யாரைச் சொல்றாங்க? நம்ம சிரிலோவை! உங்க பெரியப்பாவோட அம்மா காலத்துலருந்து அந்த வீட்டு அலமாரில கம்பளித் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமா உக்காந்திருக்கிறவன். நீயே பரீட்சைக்கு முந்தின நாள் அவன் பல்லுல சிகரெட்டைச் செருகிப் பத்த வெச்சுட்டு வந்தவன்தானே. திங்கக்கிழமைன்னா மெழுகுவத்தி, கோகா இலைப் படையல், தினமும் அன்னிக்குச் சந்தையில நடந்த சண்டை சச்சரவெல்லாம் அவன் காதுல போட்டாத்தான் அக்காவுக்குத் தூக்கம் வரும். இந்தத் தெருவுல எந்த வீட்டுல மண்டையோட்டைக் காவலுக்கு வெச்சுப் பேசல? அப்படிப் பாத்தா தெருவையே அள்ளிட்டுப் போகணும்.

எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துடுச்சு. சந்தை முனையில அக்காவோட உருளைக்கிழங்குக் கடை இருக்கு பாரு, ரெண்டு பக்கமும் ஆள் நடமாட்டம் உள்ள இடம், அதுமேல நார்மாவுக்குக் கண்ணு. அக்கா கடைக்கு வராத நாள்ல இவதான் அங்க போய் உக்காந்திருக்கா, புது மடிப்புப் பாவாடை வேற. மாமியாருக்குப் பைத்தியப் பட்டம் கட்டிட்டா கடை தானா வந்து மடியில விழும்னு கணக்குப் போட்டுட்டான்னு எனக்குத் தோணிச்சு. உங்கப்பா, ஏண்டி எல்லாத்துலயும் பூதத்தைப் பாக்கிற, போய் அவளையே நேரா கேளேன்னாரு. திருடியைப் போய் திருடினியான்னு கேப்பாங்களான்னு அவர் வாயை அடைச்சுட்டு நேரா டாக்டரம்மாவைப் பாக்கப் போனேன்.

டாக்டரம்மா பேரு கரோலா, சாந்தா குரூஸ் பக்கத்து வெயில் ஊர்க்காரி, ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தா. சிரிச்ச முகம். சிரிக்கிற டாக்டரைக் கண்டா எனக்கு இன்னும் சந்தேகம். உங்க வீட்டுல யாரும் சாமிகிட்ட பேச மாட்டீங்களான்னு கேட்டேன். எங்கம்மா மாதா படத்துகிட்ட லாட்டரி நம்பரே கேப்பாங்கன்னா. அப்ப உங்க மாதா பதில் சொன்னா பக்தி, எங்க சிரிலோ பதில் சொன்னா மூளைக்கோளாறாம்மான்னு கேட்டேன். பேனாவை மூடி வெச்சுட்டு, நியாயமான கேள்விதான், நான் அவசரப்பட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டா. ஊர்ல நாலு பேர் செய்யாததைச் செய்யுறதாலயே ஒருத்தருக்கு வியாதின்னு சொல்லிட முடியாதாம். அவங்க மனசு தவிக்குதா, சாப்பாடு தூக்கம் வேலைவெட்டி கெட்டுப்போச்சா, அவங்களுக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்து இருக்கா, இவங்க இப்படி இருக்கிற ஆளே இல்லையேன்னு சொந்த சனமே சொல்லுதா, இத்தனையையும் சேத்துத்தான் பாக்கணுமாம். அப்ப தெருவே கிறுக்கா இருந்தா எல்லாரும் சரின்னு விட்டுடுவீங்களான்னு மடக்கினேன். அதுக்கும் சிரிச்சா. அந்தக் கோடு எங்களுக்கும் லேசுல பிடிபடாது, ஆணும் ஆணும் ஆசைப்பட்டா வியாதின்னு ஒரு காலத்துல எங்க புத்தகத்துலயே இருந்துச்சு, அப்புறம் அந்த வரியையே அடிச்சுட்டாங்கன்னா. எழுதுனவங்க யாரு, அடிச்சவங்க யாரு, அதுக்கு நடுவுல மாட்டுனவங்க கதி என்னன்னு கேட்டேன். சரி, ஆஸ்பத்திரிப் பேச்சை நிறுத்தி வைக்கிறேன், வீட்டுக்கே வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்னா. கூப்பிடாம வீட்டுக்கு வர்ற டாக்டரை நீ எங்கயாவது கண்டிருக்கியா? ஏதோ உள்நோக்கம்னுதான் நினைச்சேன்.

அதனால நான் முந்திக்கிட்டேன். அவ வர்ற அன்னிக்கு விடிஞ்சதும் போய் அக்காவை உக்கார வெச்சு, சிரிலோகிட்ட பேசுவீங்களான்னு அந்தம்மா கேட்டா பேசுறதே இல்லைன்னு சொல்லிடு, இல்லைன்னா வண்டியில ஏத்திடுவாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அக்கா ம்னு சொன்னா. டாக்டரம்மா வந்தா, கட்டில் ஓரத்துல உக்காந்தா, சிரிலோ இன்னிக்கு என்ன சொன்னாருன்னு சாதாரணமாக் கேட்டா. அக்கா சுவத்தைப் பாத்துக்கிட்டே, அவன்கிட்ட நான் பேசுறதில்ல, சொல்றதுக்கு என்ன இருக்குன்னா. அடி சக்கை, என்னமா நடிக்கிறான்னு நான் உள்ளுக்குள்ள பூரிச்சுப் போயிட்டேன்டா! சொல்லிக் கொடுத்ததைவிட நல்லாச் சொன்னா. டாக்டரம்மா எழுந்து அலமாரிகிட்ட போனா, நானும் பின்னாடியே போனேன், எதையாவது தொட்டுடப் போறாளேன்னு. அப்பத்தான் சிரிலோவை நான் பாத்தேன். தொப்பி மேல தூசி அப்பியிருக்கு, கண்ணாடி ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்கு, முன்னாடி வெச்ச கோகா இலை சருகாகி நொறுங்கிக் கிடக்கு, மெழுகுவத்தித் தட்டுல எறும்பு. எத்தனை திங்கக்கிழமை போயிருக்கும்னு தெரியல. அவ நடிக்கலடா எல்மர். நான் பொய்யின்னு சொல்லிக் கொடுத்தது நிஜமாவே நிஜம். அந்த வாரம் முழுக்க அவ வீட்டுக்கு ஓடி ஓடிப் போயும், அந்த அலமாரிப் பக்கம் நான் ஒரு தடவை திரும்பிப் பாக்கல.

வாசப்படில நின்னுக்கிட்டிருந்த நார்மா அழ ஆரம்பிச்சுட்டா. இதைத்தானே நான் முதல்லயே சொன்னேன், தினம் சிரிலோகிட்ட பேசிக்கிட்டிருந்த மனுஷி இப்ப பேசறதில்ல, சாப்பிடறதில்ல, விடிய விடிய முழிச்சிருக்கா, கடைக்கு வர மாட்டேங்கிறா, கிழங்கு அழுகுதேன்னு நான் போய் உக்காந்தேன், நான் மண்டையோடுன்னதும் டாக்டரம்மா அதையே பிடிச்சுக்கிட்டாங்க, சித்தி நீங்க எங்கிட்ட எதையுமே கேக்கலன்னு சொல்லிச் சொல்லி அழுதா. டாக்டரம்மா முகம் செவந்துபோச்சு. என் முகம் என்ன நிறத்துல இருந்துச்சோ தெரியல. அக்கா மட்டும் சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

இது மனச்சோர்வு வியாதியாம். சாவோ நஷ்டமோ நடந்தாத்தான் வரணும்னு இல்லையாம், காரணம் தெரியாமலும் வருமாம். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுல சனத்தோடயே இருக்கட்டும், மாத்திரை கொடுங்க, வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, தனியா மட்டும் விடாதீங்க, சிரிலோவை இருக்கிற இடத்துலயே வைங்கன்னு சொல்லிட்டா. மாத்திரையை மோந்து பாத்துட்டுத்தான் கொடுக்கிறேன், அது வேற விஷயம். நார்மா கடையைப் பாக்கிறா, சாயங்காலம் வந்து மாமியாருக்குத் தலை பின்னி விடுறா, நான் பகல்ல அக்காவோட உக்காந்திருக்கேன். சும்மா உக்கார என்னால ஆகுமா? சிரிலோ தொப்பியைத் தட்டிப் போட்டு, புது இலை வெச்சு, அக்கா காதுல விழற மாதிரி அவன்கிட்ட அவளைப் பத்திக் கோள் சொல்ல ஆரம்பிச்சேன். பாத்தியா சிரிலோ, உன் எசமானி சூப்பைக் குடிக்க மாட்டேங்கிறா, உன்னை மறந்தே போயிட்டான்னு. ஒண்ணும் நடக்கல. மாத்திரை வேலை செய்ய நாளாகும்னு டாக்டரம்மா சொன்னா, நான் நம்பல, ஆனா கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். முந்தாநாள் நான் பாட்டுக்கு, இந்த எவாரிஸ்டாவுக்கு எப்பவுமே கஞ்சக் கை, தராசுல கட்டை விரலை வெச்சுத்தான் கிழங்கு நிறுப்பான்னு அவன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். பின்னாடியிலருந்து மெதுவா ஒரு குரல், அவன்கிட்ட பொய் சொல்லாதடின்னு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. அவ்வளவுதான் சொன்னா, மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. முழுசாத் தேறிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு சூப்பு குடிச்சா.

இப்ப உங்கிட்ட வரேன். உன் பேச்சு குறைஞ்சதும் நான் என்னென்னமோ நினைச்சேன், அந்த ஊருப் பொண்ணு எவளையோ பிடிச்சுட்டான், பெத்தவளை மறந்துட்டான்னு கிளாடிஸ்கிட்டகூட உன்னைத் திட்டியிருக்கேன். அக்கா அன்னிக்கு சுவத்தைப் பாத்துக்கிட்டு சொன்னா பாரு, சொல்றதுக்கு என்ன இருக்குன்னு, அந்த வார்த்தையை அதே குரல்ல நான் அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கேன், போன்ல, உன் வாயில. அதுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ராத்திரி தூங்கறியா? சாப்பிடறியா? ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் ஆடப் போறியா, இல்ல அந்தக் கூடத்துலயே சுருண்டு படுத்துக்கிறியா? இது நோண்டுறதுக்கு இல்லடா, அம்மா உங்கிட்டயே நேரா கேக்கிறேன். நார்மாகிட்ட கேக்காம விட்ட மாதிரி உங்கிட்டயும் விட்டுட மாட்டேன். வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல, அங்கயும் இதுக்கு டாக்டர் இருப்பாங்க, கரோலா டாக்டரம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன், அவ போன் நம்பரைப் பின்னாடி எழுதியிருக்கேன். கொரியாக்காரர் லீவு கொடுக்கலைன்னா கிளம்பி வந்துடு, கூரை பொத்தல்தான், ஆனா உன் கட்டில் நனையல.

நவம்பர் எட்டாம் தேதி மண்டையோட்டுத் திருநாளுக்கு வழக்கம்போல சிரிலோவுக்குப் பூக்கிரீடம் வெச்சு கல்லறைக்கு எடுத்துட்டுப் போறோம், வாத்தியக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. அக்கா வருவாளான்னு தெரியல, வரலைன்னா நான் தூக்கிக்குவேன். உனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன், ஆனா உன்னைப் பத்தி அவன்கிட்ட என்னன்னு வேண்டிக்கிறது? எனக்கே ஒண்ணும் தெரியலையே. அல்பாகா கம்பளிக் காலுறையும் உலர்த்தின உருளையும் அனுப்பியிருக்கேன், உறையைப் போட்டுக்கோ, கிழங்கை நல்லா ஊற வெச்சு சமை. மாதாவும் மலையம்மாவும் நம்ம சிரிலோவும் உன் கூடவே இருக்கட்டும். கிளாடிஸ் திரும்பி வர்றப்ப அவ கையில பதில் கொடுத்து அனுப்பு. என்னைத் திட்டி எழுது, கொரியாக்காரரைத் திட்டி எழுது, பீன்ஸைத் திட்டி எழுது, பொய்யாவே எழுது, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். சொல்றதுக்கு என்ன இருக்குன்னு மட்டும் எழுதிடாதடா கண்ணு, எழுதினா அன்னிக்கே நான் பஸ் ஏறிடுவேன்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா செனோபியா