பட்டியலில் இல்லாத வீடு

அன்புள்ள உங்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேன்" என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படியுங்கள்.

நாலு நாளாக இங்கே வெயிலே இல்லை. குடியிருப்பின் நூற்றெண்பது கூரைகளிலும் நீங்கள் போட்ட சோலார் தகடுகள் சும்மா நனைந்துகொண்டிருக்கின்றன. பொது பேட்டரி கால்வாசிக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி என்று வகுத்தவர் நீங்கள். புகையில்லாத மின்சாரம் வேண்டுமென்றால் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றீர்கள். நானும்தான் கைதட்டினேன். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு மட்டும் முழு மின்சாரம், அதற்கொரு பட்டியல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேட்டரி கால்வாசிக்குக் கீழே போனதும் உங்கள் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. பட்டியலில் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. நம் வீடு இல்லை! இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜுக்காகப் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் அதில் இருக்கிறார். அவர்தான் சுவருக்கு மேலே ஒயர் இழுத்துக் கொடுத்தார். அதுவரை இருபது நிமிஷம் மாமா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் நீலம்.

மறுநாள் பேட்டரி அறைக்குப் போய் ஆபரேட்டரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்? "அக்கா, நான் அப்பவே கேட்டேன். நம்ம வீட்டையே மொதல்ல போட்டா ஊர் என்ன பேசும்னு சார்தான் எடுத்துட்டாரு" என்றார். ஊர் வாயை மூட உங்களுக்கு உங்கள் அப்பாவின் மூச்சுதான் கிடைத்ததா? நேர்மையாம் நேர்மை!

இதில் இன்னொரு கூத்து. ஒயர் இழுத்ததற்காகக் கம்பவுண்டருக்கு எச்சரிக்கை நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு வீட்டு மின்சாரத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியும் உங்களுடையதுதான். மனிதர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒயர் அப்படியே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவோ உங்களை ஒரு வார்த்தை சொல்ல விடுவதில்லை. யார் வந்தாலும் ஜன்னலைத் திறந்து கூரைகளைக் காட்டி, "எல்லாம் என் பையன் போட்டது" என்கிறார், நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு. நேற்று நான் கடைக்குப் போய்த் திரும்பினால் மெஷின் அணைந்திருக்கிறது. அவரேதான் அணைத்திருக்கிறார். "அவன் போட்ட கணக்குல இது இல்லையேம்மா" என்றார். நான்தான் ஓடிப்போய் மறுபடி போட்டேன்.

அங்கே ஐந்நூறு வீட்டுக்கு இதே மாதிரித் திட்டம் வரைந்துகொண்டிருக்கிறீர்களாமே. வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், பட்டியலில் சேர்க்கும் படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அதைப் பாருங்கள். டாக்டர் சீட்டை அதோடு பின் குத்தி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து செல்லாதாம். வீட்டு உரிமையாளர் ஒன்று போட வேண்டும், திட்டத்தை வடிவமைத்தவர் ஒன்று போட வேண்டும். இரண்டும் நீங்கள்தான்.

மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள்.

வானம் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி