ஏழு நூல் சிலிண்டர்

மதினி,

நேற்று வண்ணாரப்பேட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகளுடைய காரில் பிரேக் சத்தம் போடுகிறது என்று கொண்டு போயிருந்தோம். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஆயில் வாடை வந்தது, விளக்கெண்ணெயில் மண்ணெண்ணெய் விட்ட மாதிரி. "ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும் சார், சோடியாத்தான் மாத்தணும்" என்றார் மெக்கானிக். எனக்கு வியர்த்துவிட்டது. "ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று மகள் கேட்டாள். வெயில் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

நீங்கள் போய் மூன்று வருசம் ஆகிறது. இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவன் இப்போது கடிதம் எழுதுகிறான். நீங்கள் இருந்தால் "என்ன கொழுந்தனாரே, தபால் ரொம்பத் தாமதம்" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்கள் காரை நம் தெருவில் எல்லாரும் டீச்சர் கார் என்றுதான் சொன்னார்கள். சாத்தான்குளத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த உங்கள் அப்பா வாங்கியது, கருநீலம், ஆமை ஓடு மாதிரிக் கூரை. அவர் காலமான பிறகு உங்களிடம் வந்தது. பாளையங்கோட்டையில் அந்த நாளில் கார் ஓட்டிய பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அண்ணனுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் முன் சீட்டில் மைனர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, "பைய, பைய" என்று உத்தரவு போடுவார். "வாய்க்கு ஒரு பிரேக் இருந்தா அதையும் மாத்திருவேன்" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாத்தான்குளத்தில் தனியாக இருந்த உங்கள் அம்மாவைப் பார்க்கப் போவோம். பிற்பகல் பள்ளியில் வேலை இருந்தால்கூட காலையில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தவரை உங்கள் அம்மா ஒரு ஞாயிறுகூடத் தனியாகச் சாப்பிடவில்லை.

தொண்ணூற்று மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. முன்னால் இடது சக்கரத்தில் ஆயில் கசிந்தது. மெக்கானிக் செல்லையா அண்ணாச்சி கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கைத் தள்ளுகிற சிலிண்டர் உள்ளே அரித்துப்போயிருக்கிறது, இனி தேற்ற முடியாது என்றார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதற்காக நீங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? ஜங்ஷன் கடைகளில் எல்லாம் "இந்த வண்டி இன்னும் ஓடுதா டீச்சர்?" என்று உங்களையே கேட்டார்கள். தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடைகளில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலைக் கிளறினீர்கள். மெட்ராஸுக்கு மூன்று கார்டு போட்டீர்கள். கோடை லீவுக்குப் பள்ளி பூட்டுவதற்கு முந்தின நாள் சிலிண்டரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் வெர்னியரில் வைத்து அளந்து, ஒரு சீட்டில் எழுதிச் சிலிண்டரோடு கட்டினீர்கள். "உள் விட்டம் ஆறு நூல். கூடினாலும் வேண்டாம், குறைந்தாலும் வேண்டாம்." இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். கடைக்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் எழுதியிருந்தீர்கள்.

வைகாசியில் எனக்கு மதுரையில் ஒரு கூட்டாளி கல்யாணம் வந்தது. நானாகத்தான் கேட்டேன். "குடுங்க மதினி, மதுரையில கிடைக்காத சாமானா? நான் வாங்கிட்டு வாரேன்." நீங்கள் சிலிண்டரைத் துணியில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பது மாதிரி என் கையில் கொடுத்தீர்கள்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டு, சீட்டாடி, மேட்னி பார்த்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் எனக்கு அந்த நினைப்பே வந்தது. முதலில் ஏறிய கடையில் பெரியவர் சீட்டைப் படித்தார், சிலிண்டரைப் புரட்டிப் பார்த்தார். "இருக்கு தம்பி, குடோன்ல கிடக்கு. சாவி வச்சிருக்கவர் போயிட்டாரு. காலைல பத்து மணிக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்."

இருந்தது மதினி. நீங்கள் இரண்டு மாசம் தேடியது, ஒரு ராத்திரி தள்ளி அங்கே இருந்தது. ஆனால் கூட்டாளிகள் எல்லாரும் ஒரு வேனில் ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பாட்டும் கூத்துமாகப் போகிற வேன். அதை விட்டுவிட்டு ஒரு இரும்புத் துண்டுக்காக லாட்ஜில் படுப்பதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவசரத்தில் பழைய சிலிண்டரை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். நாலு கடை தள்ளி இன்னொரு கடை. காரின் பேரையும் அளவையும் சொல்லிக் கேட்டேன். அங்கே இருந்தது ஏழு நூல்.

"அதே ஓட்டை, அதே போல்ட்டு, அப்படியே உக்காரும். ஆனா இது ஒண்ணுதான் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் போட்டா பிரேக் போடும்போது அந்தப் பக்கமா இழுக்கும், பாத்துக்கிடுங்க" என்று அந்தக் கடைக்காரர் தெளிவாகச் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. வேனில் பின் சீட்டில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.

மறுநாள் நீங்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "பழசு எங்க?" என்று கேட்டீர்கள். கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார் என்றேன். "பள்ளிக்கூடம் திறக்கட்டும், வெர்னியர்ல ஒரு தடவை பாத்துருவோம்" என்றீர்கள். "நான் அங்கனயே அளந்து பாத்துட்டேன் மதினி, ஆறு நூல்தான். எனக்குத் தெரியாதா?" அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு தடுமாற்றமாவது வந்திருக்க வேண்டாமா?

அதை மாட்டி கார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே பிரேக் மிதித்தால் இடது பக்கம் ஒதுங்கியது. செல்லையா அண்ணாச்சி இரண்டு தடவை கழற்றி மாட்டினார். "டீச்சர், ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் முறுக்கி வச்சிருக்கேன். சாமான்ல வித்தியாசம் இருந்தா மட்டுந்தான் இப்படி இழுக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். நீங்கள் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "நானும் அதைத்தான் நினைச்சேன் அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் விசை சமமா இல்லன்னாத்தான் இழுக்கணும். ஆனா தம்பி அளந்துல்லா வாங்கியிருக்கான். அப்போ அது இல்ல."

உங்களுக்கு விடை தெரிந்திருந்தது. என் வார்த்தையை நம்பி அதை அடித்துவிட்டீர்கள். முந்தின வருசம் குறுக்குத்துறை ஆற்றுப் படியில் வழுக்கி விழுந்து உங்கள் இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. சிலிண்டர் இல்லை என்றால், கார் இழுப்பதற்குக் காரணமாக மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

ஆனி மாசம் ஒரு ஞாயிறு, சாத்தான்குளம் ரோட்டில் பனங்காட்டுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தோம். நான் பின் சீட்டில். திடீரென்று ஆடுகள் குறுக்கே வந்தன. நீங்கள் பிரேக்கை அழுத்தி மிதித்தீர்கள். கார் இடது பக்கம் பாய்ந்து, ஓலைப் பந்தல் போட்டு நுங்கு விற்றுக்கொண்டிருந்த இடத்தில் ஏறி நின்றது. பதநீர்ப் பானை உடைந்து மண்ணெல்லாம் நுரை. நுங்கு விற்ற அம்மாள் புரண்டு விழுந்து முழங்கையெல்லாம் ரத்தம். பம்பருக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"ஏ தாயி, எனக்கு மூணு பிள்ளைக இருக்கு. நான் போயிருந்தா அதுகளுக்கு யாரு சோறு போடுவா?" என்று அவள் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. நீங்கள் மண்டியிட்டு அவள் கையைத் துடைத்துவிட்டீர்கள். "என் கையில பலம் இல்லம்மா. தெரிஞ்சும் ஓட்டிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றீர்கள். "நான் அப்பவே தலபாடா அடிச்சேன், பையப் போன்னு" என்று அண்ணன் ஆரம்பித்தார். தப்பு யாருடையது என்று தெரிந்தவன் ஒருவன் அங்கே நின்று, உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட முதல் வார்த்தை வாயில் இருந்தது. உள்ளே ஜன்னல் கம்பியில் பள்ளிக்கூடத்துச் சுருள்வில் தராசை மாட்டி, வலது கையால் ஒரு தடவை, இடது கையால் ஒரு தடவை இழுத்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். "வா தம்பி. பத்து தடவை இழுத்துப் பாத்துட்டேன். இடது கை நாலு கிலோ குறைச்சலாத்தான் இழுக்கு. சந்தேகமே இல்ல." முகத்தில் அழுகை இல்லை. கணக்கு முடிந்துவிட்டது என்கிற களைப்புதான் இருந்தது. அந்தத் தராசைக் கொண்டுவந்த ஆய்வகத்திலிருந்து வெர்னியரையும் கொண்டுவந்திருக்கலாம். என் பேச்சைச் சரிபார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா மதினி, கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க." காப்பியும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி ஓட்டுவதில்லை என்று நீங்கள் காரை விற்றுவிட்டீர்கள். ராதாபுரத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். பத்து நாளில் ஏதோ காகிதத்துக்காக என் ஆபீசுக்கு வந்தவர், "ரெண்டு பக்கமும் வேற வேற அளவு சிலிண்டர் கிடந்துச்சு சார். சோடியா மாத்திட்டேன். இப்போ கோடு கிழிச்ச மாதிரி நிக்கி. டீச்சரை எவனோ ஏமாத்தியிருக்கான், அவங்ககிட்டச் சொல்லிருங்க" என்றார். "சொல்லிருதேன்" என்றேன். அன்றைக்கு ஆபீஸிலிருந்து உங்கள் வீட்டு வழியாகப் போகாமல், மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு சாத்தான்குளத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. வாரம் ஒரு தடவை போனது மாசம் ஒரு தடவை ஆயிற்று. தை மாசம் உங்கள் அம்மா ஒரு புதன்கிழமை காலையில் இறந்துபோனார்கள். கடைசியாக நீங்கள் அவர்களைப் பார்த்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்து வந்தேன். கருங்குளம் தாண்டும்போது, "கார் மட்டும் இருந்திருந்தா" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டீர்கள். கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னவன் நான், என் மனசு சங்கடப்படும் என்று நிறுத்தினீர்களோ என்னவோ. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வருசம் போகப் போக நீங்கள் அதை ஒரு வேடிக்கை ஆக்கிவிட்டீர்கள். பழைய மாணவிகள் வந்து, "நீங்க கார் ஓட்டுவீங்களாமே டீச்சர்?" என்று கேட்டால், இடது கையைத் தூக்கிக் காட்டி, "இவன் எனக்கு முன்னாலயே ரிட்டையர் ஆயிட்டான்" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். நாளாக ஆக, அரிசிப் பானையை இறக்குவதற்கும் கிணற்று வாளியைத் தூக்குவதற்கும்கூட ஆளைக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். அந்தக் கையை நீங்கள் நம்புவதை விட்டுவிட்டீர்கள். நான் பிடுங்கியது காரை மட்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

உங்கள் பதினாறாம் நாள் விசேசத்தில் யாரோ சொன்னார்கள், "டீச்சர் அந்தக் காலத்துலயே கார் ஓட்டினவங்க, பாவம், கை முறிஞ்சுதான் விட்டாங்க." அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஆமா, இவனும் அன்னைக்குக் கூட இருந்தான்" என்றார். நான் தலையாட்டினேன். நீங்கள் இல்லாத வீட்டிலும் அதே பொய்தான்.

அண்ணனிடம் அடுத்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். ஆனால் அவரிடம் சொல்வது உங்களிடம் சொன்னதாக ஆகாது என்று தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டியது நீளமாகக்கூட இல்லை, இத்தனை வருசமும் இரண்டு வரிதான். ஏழு நூல் சிலிண்டரைத் தெரிந்தே வாங்கினேன், அளந்தேன் என்று பொய் சொன்னேன். உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை, மதினி. நீங்கள் நன்றாகத்தான் ஓட்டினீர்கள்.