தாயின் பெயர் என்ற இடத்தில்

அன்றைக்கு அந்த ஆபீஸ் அறையில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். மேஜைக்குப் பின்னால் பர்சனல் ஆபீசர் சீனிவாசையா. கதவை ஒட்டி, தையல் லைன் பெண்களுக்காகப் பேச வந்த கலா. அவளுக்குப் பக்கத்தில் குழந்தைகள் அறையின் ஆயா மாதம்மா. ஜன்னலில் சாய்ந்துகொண்டு, உங்களோடு அயர்ன் செக்‌ஷனில் வேலை செய்த முனிராஜ். நடுவில் நீங்கள். உங்கள் இடுப்பில் மூன்று வயது புவனா. கடைசியாக, உங்களைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போக மூச்சு வாங்க ஓடி வந்த நான்.

இன்று காலை, அன்றைக்கு அங்கே கொடுத்த கார்டை மறுபடியும் கையில் எடுத்தேன். முனை மடங்கி, பழுப்பேறிப்போன கம்பெனி கார்டு. எல்லாம் கன்னடத்தில் அச்சடித்தது. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நடுவில் நீங்கள் தமிழில் எழுதிய உங்கள் பெயரை மட்டும் படிப்பேன். வாயால் சொல்லாத பெயர். கண்ணால் படித்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

நாம் சந்தாபுராவுக்குக் குடிவந்த வருஷம் அது. உங்களுக்குப் பொம்மசந்திராவில் கார்மென்ட்ஸ் கம்பெனி. எனக்கு ஊதுபத்தி உருட்டும் கொட்டகை, மொத்தமே ஆறு பேர். அங்கே குழந்தைக்கு இடம் ஏது? புவனாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா ஊருக்குப் போய்விட்டாள். நான் இரண்டு நாள் குழந்தையை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் அவள் கஞ்சிப் பாத்திரத்தை இழுத்துக் கையில் கொட்டிக்கொண்டாள். இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பூட்டைப் பூட்டியது என் கை.

கட்டுப் பிரித்த அன்று காலையில் நீங்கள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் கம்பெனியில் குழந்தைகள் அறை இருந்தது. அது அங்கே வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்கு மட்டும். அது தெரிந்துதான் போனீர்கள்.

"ரூல்ஸ் இல்லப்பா. லேடீஸ் ஒர்க்கருக்குத்தான்," என்றார் சீனிவாசையா.

"அவங்களுக்குக் குடுத்ததுல ஒண்ணும் கொறைக்க வேணாம் சார். எம் பொண்ணுக்கு ஒரு பாய் எடம் போதும்."

அப்போதுதான் முனிராஜ் ஜன்னலோரத்திலிருந்து கத்தினான். "மச்சான், அப்படியே பால் குடுக்கவும் பர்மிஷன் கேளுடா!"

சிரித்தார்கள். சீனிவாசையா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற நான் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகப் பேசினேன். "மானம் போவுது, வாங்க வீட்டுக்கு. ஆம்பள கேக்குற கேள்வியா இது?"

உங்கள் காது மடல் சிவந்தது. ஆனால் கால் நகரவில்லை.

கலா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணா, கோச்சிக்காத. அந்த ரூமுக்கு நாங்க மூணு வருஷம் நடையா நடந்தோம். அங்க உக்காந்து பால் குடுக்கறோம். நீ வந்து நின்னா நாங்க எங்க போறது?" என்றாள். அது நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தேன். பத்து வருஷம் அவளோடு பேசவும் இல்லை. பிறகு யோசித்தபோதுதான், கஷ்டப்பட்டு வாங்கிய ஒன்றை அவள் காவல் காத்தாள் என்பது புரிந்தது.

நீங்கள் அவளிடம் சண்டைக்குப் போகவில்லை. "உள்ள வரல தங்கச்சி. கதவாண்ட முதுகக் காட்டிக்கினு நிக்கறேன். ஆயா என் தோள் மேலேர்ந்து கொழந்தய எடுத்துக்கட்டும்," என்றீர்கள். "முதுகக் காட்டினா சரி," என்றாள் கலா.

அந்த நேரம் பார்த்துப் புவனா ஆபீசர் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மாதம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, "ரூல்ஸ நீங்க மெதுவா பாருங்க சார், நான் இதுக்கு ஜட்டி மாத்தறேன்," என்று போயே போய்விட்டாள். சீனிவாசையா காலைத் தூக்கிக்கொண்டு கார்டை நீட்டினார்.

அதில் தாயின் பெயர் எழுத மட்டும்தான் இடம் இருந்தது. நீங்கள் யோசிக்காமல் உங்கள் பெயரை எழுதினீர்கள்.

"ஏய், என்னப்பா இது? அது தாய் பேரு!"

"அவ இங்க வேல செய்யல சார். செய்யறவன் நான்தான்."

அன்றிலிருந்து அயர்ன் செக்‌ஷனில் உங்களுக்கு 'மம்மி' என்று பெயர். பட்டம் வைத்தவனும் முனிராஜ்தான். நீங்களும் சிரித்துக்கொண்டே, "மம்மி வந்துட்டேன்டா," என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுப்பீர்கள். தினமும் காலையில் சுவரைப் பார்த்தபடி நிற்பீர்கள். புவனா உங்கள் தோளில் ஏறி அந்தப் பக்கம் மாதம்மாவின் கைக்கு இறங்குவாள். பள்ளிக்கூடத்தில் விட்டபோதும் அப்படியே தோள் மேல் ஏறி இறங்கப் பார்த்தாள், டீச்சர் பயந்துவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா?

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நம் மாப்பிள்ளையால். புவனாவின் குழந்தை யாழினிக்கு ஒன்றரை வயது. புவனா ஒரு சின்ன ஸ்கூலில் வேலைக்குத் திரும்பிவிட்டாள், அங்கே குழந்தைகள் அறை இல்லை. எனக்கு முட்டியில் ஆபரேஷன், ஓடுகிற குழந்தையின் பின்னால் போக முடியாது. போன மாதம் யாழினி மாடிப்படியில் உருண்டபோது, மூன்று படி தள்ளி நின்றும் என்னால் பிடிக்க முடியவில்லை. உதடு கிழிந்தது. எனக்குப் பழைய பூட்டு ஞாபகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஆபீசில் குழந்தைகள் அறை இருக்கிறது. பெண்களுக்கு மட்டும். அவர் சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லிப் புலம்புவார். "எல்லாமே லேடீஸுக்குத்தான் அத்தை. பஸ் கூட ஃப்ரீ. ஆம்பளைக்கு யார் இருக்கா சொல்லுங்க?"

"பஸ்ஸ வுடுங்க மாப்ள. அதுல உங்க கொழந்த தூங்கப் போவுதா? உங்களுக்கு வேண்டியத ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"கேட்டா சிரிப்பாங்க அத்தை. லேடீஸ் சலுகையில கை வைக்கிறான்னு பேர் வரும்."

எழுந்து போய் இரும்புப் பெட்டியிலிருந்து கார்டை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். புவனா கன்னடத்தைப் படித்துக் காட்டினாள். தாயின் பெயர் என்று படித்து, உங்கள் பெயரில் வந்து நின்றுவிட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை மாப்பிள்ளை கையைக் கழுவவில்லை, கை காய்ந்துபோயிற்று.

மறுநாள் கேட்டிருக்கிறார். உங்களைப் போலவே, யாருக்கும் குறைக்க வேண்டாம், எனக்கும் ஒரு இடம் என்று. இரண்டு பேர் சிரித்தார்களாம். ஆனால் அங்கே வேலை செய்யும் ஒரு பெண், "இது எங்களுக்கே நல்லதுதானே, எங்க வீட்டுக்காரரும் தூக்கிட்டுப் போகட்டும்," என்றாளாம். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இன்று முதல் நாள். நானும் ஆட்டோவில் கூடப் போனேன். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, யாழினியின் சாக்ஸைக் கழற்றினார். யாரும் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை. அம்மாக்கள் பால் கொடுக்க வேறு அறை, அதற்குக் கதவும் இருக்கிறது. கலாவுக்கு அன்றைக்கே அந்தக் கதவை வைத்துக் கொடுத்திருந்தால் உங்கள் முதுகு தப்பித்திருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் படுத்தவள், மதியம் வரை தூங்கினேன். பகலில் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா?

ஆம்பளை தன் குறையை வாய்விட்டுச் சொல்லலாமா என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்பேன். புலம்பினால் ஆகாது, கேட்க வேண்டும். பொம்பளை கையில் இருப்பதைப் பிடுங்காமல் கேட்க வேண்டும். கேட்கிறவனின் பெண்டாட்டி வாசலில் நின்று மானம் போகிறது என்று கத்தாமல் இருக்க வேண்டும்.

அதற்காகக் கடைசிக் காலத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடி, கத்திட்டு ஷிப்டுக்குத்தான போனே? கொழந்தய எங்கிட்டயே வுட்டுட்டுத்தான போனே?" என்றீர்கள். அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் கணக்கையும் இன்று தீர்த்துவிட்டேன். சீனிவாசையா சிரித்தாலும் கார்டு கொடுத்தார், விட்டேன். கலாவோடு எப்போதோ ராசியாகிவிட்டேன். மாதம்மா மேல் என்றைக்கும் கோபமில்லை. என்னை நீங்களே விட்டுவிட்டீர்கள்.

ஒருவன் பாக்கி. உங்களைப் பார்த்துச் சிரித்த அதே மாதம், தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கதவாண்ட முதுகைக் காட்டி நின்றான். அவன் வீட்டிலும் அதே கஷ்டம்தான் இருந்திருக்கிறது. அது தெரிந்தே, நீங்கள் தனியாக நின்று கேட்டபோது ஜன்னலில் சாய்ந்துகொண்டு சிரித்தான். உங்களுக்கு மாலை போட வந்தவன், என் காது கேட்க நாலு பேரிடம், "நானும் மச்சானும் சேர்ந்து போராடி வாங்கின ரூம் அது," என்றான். பிணத்தின் முன்னால் சண்டை வேண்டாம் என்று அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீங்கள் மன்னித்திருப்பீர்கள், தெரியும். நான் மாட்டேன். முனிராஜை மன்னிக்கவே மாட்டேன்.