நகத்தில் விட்ட ஒரு சொட்டு

மர்பி டவுன்,
பெங்களூரு.
ஞாயிறு காலை.

அன்பு மகன் நரேஷுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, வீணா, உன் மகள் தாரணி நாலு பேரும் சுகம். இந்தக் குளிருக்கு ஆளுக்கு நாலு தும்மல், அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. தோஹாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், நம் வீட்டில் ஸ்பீக்கர் போட்டால் பக்கத்து வீட்டு ஜோசஃபின் அக்காவுக்கும் சேர்த்துக் கேட்கும். நான் சொல்ல வேண்டியதோ ஒரு மாமனார் நாலு பேர் காதுபடச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நல்லவேளையாக அக்காவின் மருமகன் கில்பர்ட் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கே திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் அம்மா செய்த கோடுபளே முறுக்கு ஒரு டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு டப்பாவைத் திற, இல்லாவிட்டால் எண்ணெய்க் கையோடு படிப்பாய்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தைக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். நடுவில் ஒரு வாரம் வீணா ஏன் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று நீ இரண்டு தடவை கேட்டாய், நானும் "தூக்கம் பத்தல, அதான்" என்று மழுப்பிவிட்டேன். காரணம் தூக்கம் இல்லை, நான்தான். வீணா அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி லேபுக்குத் திரும்பிப் போய் பில் போடுகிற சீட்டில் உட்கார வேண்டும், கான்ட்ராக்ட் வேலைக்கு அதற்கு மேல் லீவு கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதற்கு இப்போதே பழக்க வேண்டும் என்று கையால் அழுத்துகிற பம்ப் ஒன்று வாங்கி, தாய்ப்பாலை எடுத்துச் சின்ன பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைக்க ஆரம்பித்தாள். போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை லேபில் ஏதோ கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். போகும்போது அம்மாவிடம், "அத்தே, பாப்பா அழுதா பாட்டில சுடுதண்ணில கொஞ்ச நேரம் வெச்சு, பாலாடைச் சங்குல குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போன அரை மணி நேரத்தில் குழந்தை அழுதது, அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நான் பாட்டிலை எடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பால் டைரியில் முப்பத்தோரு வருஷம் கேன் கேனாகப் பாலை வாங்கிப் பார்த்த கை இது. மெஷின் வருவதற்கு முன்னால் நகத்தில் ஒரு சொட்டு விட்டுத்தான் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்போம், கெட்டிப் பால் என்றால் நகத்திலேயே நிற்கும், தண்ணீர் கலந்ததென்றால் வழிந்து ஓடிவிடும். கை பழக்க தோஷத்தில் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டேன். ஓடிவிட்டது. பார்த்தால் நிறமும் லேசாக நீலம் ஓடிக் கிடந்தது. நான் சும்மா இருக்காமல், குளியலறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று, "சந்திரா, இந்தப் பால் தண்ணியா கீதே, கொழந்தைக்கு எப்டி பத்தும்?" என்று கத்தினேன். கத்திவிட்டுத் திரும்பினால் வாசலில் வீணா. போனை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறாள். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அதோடு விட்டதா, உன் மகளும் அதே நேரம் பார்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினாள். தினமும் மூன்று தடவை துணியை அழுக்காக்கியவள் ஒரு நாள் மலம் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, நாலு நாள் ஆகியும் போகவில்லை. ஆள் என்னவோ சிரித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டுதான் இருந்தாள், அம்மாவும் வீணாவும்தான் ஆடிப்போனார்கள். அம்மா உடனே "பால்ல சத்து இருந்தாத்தான வயித்துல ஏதாவது நிக்கும்" என்று நான் ஆரம்பித்ததை முடித்துவைத்தாள். ஜோசஃபின் அக்கா நாக்கில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். அம்மா வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டுக்கொண்டு தயாராக நின்றாள், அதை எங்கே வைப்பார்கள் என்று நான் எழுத மாட்டேன், உனக்கும் வைத்திருக்கிறார்கள். வாய்வு பாலில் இறங்கும் என்று சொல்லி வீணாவுக்கு அவரைக்காயை நிறுத்தினாள். அவரைக்காய் சீசனில் தெரு முழுக்க மணக்கும்போது அந்தப் பெண் மிளகு ரசமும் பூண்டுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை வாயில் எதையும் வைக்க மட்டும் வீணா விடவில்லை, "ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட குடுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க அத்தே" என்று குறுக்கே நின்றாள். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும் மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாமல் தினமும் ஒரு கிலோ சப்போட்டா வாங்கி வந்தேன். அது குளிர்ச்சி என்று அம்மா அதையும் கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் நானே தின்றேன்.

சனிக்கிழமை வீணா மெடிக்கலில் பால் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்து பிரிட்ஜ் மேல் வைத்தாள். அம்மாவிடம்தான் சொன்னாள், எனக்கும் கேட்கத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "செவ்வாக்கிழமை பத்து வார ஊசி. அங்க எடை போடுவாங்க. ஏறலைன்னா இந்த டப்பாவைத் தொறந்துடறேன் அத்தே. என்னால ஆகலைன்னு ஒத்துக்கறேன்" என்றாள். அந்தப் பெண் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், கணக்குப் பரீட்சை தேதியைச் சொல்வது மாதிரி சொன்னாள். இதில் நீ வேறு ஒவ்வொரு போனிலும் "பால் பத்துதா, வெயிட் ஏறுச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ பாசத்தில் கேட்டாய், அவள் காதில் அது என் குரலாகத்தான் விழுந்திருக்கும். அந்த மூன்று நாளும் டப்பா கண்ணில் படுமே என்று நான் பிரிட்ஜைத் திறக்கவே இல்லை, மோர்கூடக் குடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் ஆட்டோவில் ஹெல்த் சென்டருக்குப் போனோம். அங்கே நோரா சிஸ்டர் என்று ஒருவர், இந்த வட்டாரத்துக் குழந்தைகளில் பாதி அவர் கையில் ஊசி போட்டுக்கொண்டவை, குரலைக் கேட்டாலே தகப்பன்மார் எழுந்து நிற்பார்கள். குழந்தையைத் துணி அவிழ்த்துத் தராசில் வைத்தார். முள் ஆடி நிற்கிற வரைக்கும் வீணா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கார்டை எடுத்து எழுதிக்கொண்டே, "ஆறாவது வாரம் நாலு கிலோ. இப்ப நாலு எண்ணூறு. ராஜாத்தி நல்லா ஏறிட்டா" என்றார். வீணா "இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர்" என்றாள். மறுபடியும் வைத்தார், அதே நாலு எண்ணூறு. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. சிஸ்டர் விசாரித்தார், ஆறு நாளாக மலம் போகாததைச் சொன்னோம். டாக்டரம்மா வந்து வயிற்றை அழுத்திப் பார்த்து, மெத்தென்றுதான் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்டார். ஏழெட்டு தடவை என்றோம். "அப்ப பால் பத்துது. ஒரு மாசம் தாண்டின தாய்ப்பால் கொழந்தைங்க சில சமயம் ஒரு வாரம்கூடப் போவாம இருக்கும். பால்ல மிச்சமே இல்லாம உடம்புல ஒட்டிக்குது. வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, பால் குடிக்க மாட்டேன்னாலோ மட்டும் ஒடனே தூக்கிட்டு ஓடி வாங்க. காம்பு, எண்ணெ, கிரைப் வாட்டர், தேன் எதுவும் வேணாம்" என்றார். அம்மா பையில் இருந்த வெற்றிலையைத் தானாகவே உள்ளே தள்ளிக்கொண்டாள். நீயும் இதை மனதில் வைத்துக்கொள், தகப்பனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

அப்போது நோரா சிஸ்டர், "பால் பத்தலைன்னு ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்று வீணாவைக் கேட்டார். வீணா குனிந்துகொண்டு, "யாரும் சொல்லல சிஸ்டர், எனக்கே தோணுச்சு" என்றாள். நரேஷ், அந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு நாளாக நான் வாங்கி வந்த சப்போட்டாவெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் தூசு. நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து, "நான்தான் சிஸ்டர். நகத்துல விட்டுப் பாத்து தண்ணியா கீதுன்னு சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்" என்றேன், வீணா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கம்மா" என்றும் சொல்லிவிட்டேன். ஊசிக்கு வந்த பத்துப் பதினைந்து தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும். சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். டைரி என்றேன். "அது கன்னுக்குட்டிக்கு ஊறுன பாலு. ஒங்க பேத்தி கன்னுக்குட்டியா?" என்றார். அந்த வரிசையே சிரித்தது, வீணாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாய்ப்பால் இப்படித்தான் மெலிசாக இருக்கும், அதிலும் முதலில் வருவது தாகத்துக்கு, போகப் போகத்தான் கொழுப்பு கூடும், இதில் நகத்தை நீட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அவரைக்காய் தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் அம்மா காதுபடச் சொன்னார். ஊசி போட்டதும் தாரணி வீறிட்டு அழுதாள். நான் வாங்கித் தோளில் போட்டுத் தட்டினேன். ஆட்டோ அல்சூர் தாண்டுவதற்குள் ஆறு நாள் சேர்த்துவைத்ததை மொத்தமாக என் வெள்ளைச் சட்டையில் இறக்கிவிட்டாள், கடுகு அரைத்த மாதிரி மஞ்சளாக. ஆட்டோக்காரர் மூக்கை மூடிக்கொண்டார், நாங்கள் மூன்று பேரும் லாட்டரி விழுந்த மாதிரி சிரித்துக்கொண்டே வந்தோம்.

அன்று மத்தியானம் களியும் அவரைக்காய்ச் சாறும், வீணா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். டப்பாவை அவளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "மாமா, நான் வேலைக்குப் போனா பாலுக்கு நீங்கதான் இன்சார்ஜ்" என்று சொல்லியிருக்கிறாள், எனக்குப் புரமோஷன் கிடைத்த மாதிரி இருக்கிறது. கை கழுவாமல் யாரும் பாட்டிலைத் தொடக் கூடாது, ஒவ்வொன்றிலும் தேதியும் மணியும் எழுதி ஒட்ட வேண்டும், முன்னால் எடுத்ததை முன்னால் கொடுக்க வேண்டும், பிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும், ஒரு நாளுக்குள் தீர்க்க வேண்டும், அடுப்பில் வைத்துக் காய்ச்சவே கூடாது, மிச்சம் வைத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. எல்லாம் சிஸ்டரிடம் கேட்டு எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ் இதற்காவது உதவட்டும்.

இனி ஒரு விஷயம்தான் பாக்கி, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அன்று சாயங்காலம் குழாயடியில் அம்மா என் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, கோபமும் இல்லாமல், "நரேசு பொறந்தப்ப என் பாலையும் நீங்க நகத்துல விட்டுப் பாத்தீங்க" என்றாள். எனக்கு ஞாபகமே இல்லை, அதுதான் பெரிய வெட்கம். அவள் சொல்லச் சொல்லத்தான் வந்தது. அப்போது நான் டைரியில் சேர்ந்த புதிது, கண்ணில் படுகிறதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற திமிர். உனக்கு நாற்பது நாள். நான் தண்ணீர்ப் பால் என்று சொல்லிவிட்டு மறுநாளே தூக்குவாளியில் டைரிப் பால் கொண்டுவந்து பெருமையாக வைத்தேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் உனக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். எட்டு மாசத்தில் வயிற்றுப்போக்கில் நீ நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், ஸ்கூலில் ஒல்லிப்பிச்சான் என்று உன்னைக் கேலி செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் தன் பால் ஆகாத பால் என்பதுதான் காரணம் என்று முப்பத்து மூன்று வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். வீணாவின் பாலை அவள் சந்தேகப்பட்டதும் அதனால்தான், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அன்றைக்கே நம்பிப்போனவள். அவள் கையிலிருந்து சட்டையை வாங்கி நானே தேய்த்தேன், தப்பு என்னுதுதான் சந்திரா என்றேன். "கறை போவல, இன்னும் கொஞ்சம் தேய்ங்க" என்றாள்.

நரேஷ், நீ தீர்க்காயுசோடு, கை நிறைய வேலையும் மனசு நிறைய நிம்மதியுமாக இருக்க வேண்டும், உன் மகளை நீ சீக்கிரம் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடி. வீணாவுக்குப் போன் செய்தால் பால், வெயிட் இரண்டையும் கேட்காதே. நீ சாப்பிட்டாயா, கொஞ்சம் தூங்கினாயா என்று கேள். இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாரணியின் துணியை மடித்து வைத்தாள். அப்புறம், "நாப்பது நாள் குடிச்சான் இல்ல, அது நல்ல பால்தான்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சின்னப்பா.