இந்த முறை அம்மா நிஜமாகவே விழுந்தாள்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மேலே 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருப்பது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது, மனசு அடித்துவிட்டது. நலமா என்று கேட்கப்போவதில்லை. இங்கே நலம் என்று எழுத யாரும் நலமாகவும் இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். உன் குரலைக் கேட்காமல் உள்ளே போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அதற்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது நிஜம். தூண்டில் இல்லை.

விழுந்த அன்றே உனக்குச் செய்தி அனுப்பினேன். "பழைய தூண்டில் அக்கா, புழுவையாவது மாத்து" என்று பதில் போட்டாய். பிறகு என் நம்பரை அடைத்துவிட்டாய். ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டாள். தெரியாத நம்பர் என்று நீ எடுக்கவில்லை. உன் அத்தான் தன் போனில் வீடியோ போட்டு, வலிக்கு ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டினார். அதற்கு நீ, "இந்த மாதிரி மூஞ்சியெல்லாம் இப்ப கம்ப்யூட்டரே செஞ்சு குடுக்கும் அத்தான், என் தொழிலே அதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். பிறகு அவர் நம்பரையும் அடைத்தாய். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனுஷர் உன்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை.

அதனால்தான் பேனா பிடிக்கிறேன். என் கோழிக்கிறுக்கலைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்த்துச் சிரித்தவன் நீ. இதையாவது நம்பு.

நாம் இருவரும் நடத்தும் கணினிப் பாதுகாப்புக் கம்பெனியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நீ ஆரம்பித்தபோது நான் குறுக்கே நிற்கவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதையாகிவிடப் போகிறது என்று சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விமான டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். உள்ளூரில் நமக்கு என்ன இருக்கிறது, நாலு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு லாரி கம்பெனி, பில் அனுப்பினால் போனையே எடுக்காத பள்ளிக்கூடங்கள் என்று நீ சொன்னதில் நியாயம் இருந்தது. திருடன் எல்லை பார்த்து வருவதில்லை, காவல்காரன் மட்டும் ஏன் எல்லைக்குள்ளேயே உட்கார வேண்டும் என்று கூட்டத்தில் பேசினாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அங்கே போய் நீ பிடித்த ஆள் அந்தக் கோட்டுக்காரர். நம் மென்பொருளை அந்த நாட்டில் விற்றுத் தருகிறேன் என்று வந்தவர். கொதிக்கிற வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார் என்று ஆரம்பத்தில் நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அவர் போட்டது ஒரே நிபந்தனை. வாடிக்கையாளர்களின் கணினிகளை நாம் காவல் காக்கலாம். ஆனால் அவருடைய ஆட்கள் நினைத்தபோது உள்ளே எட்டிப்பார்க்க ஒரு வழி வைத்துத் தரவேண்டும். அது வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது. "இங்க நடைமுறையே அப்படித்தான்க்கா, நாம என்ன திருடவா போறோம்" என்றாய். பூட்டு விற்கிறவன் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கள்ளச்சாவி செய்து மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிட்டு, நான் திருடவில்லையே என்று சொன்னால் அவனுக்கு என்ன பெயர்? நீயே சொல்.

ஒப்புதல் தரமாட்டேன் என்றேன். நம் மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் உன் ஒப்புதலும் என் ஒப்புதலும் இரண்டும் விழுந்தால்தான் வெளியே போகும். ஒருவர் மட்டும் அழுத்தினால் அசையாது. அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நீதான். அக்கா தம்பிக்குள் எதற்கடா இதெல்லாம் என்று நான் சிரித்தேன். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறக்கா" என்று எனக்கே பழமொழி சொன்னாய். ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்குப் பழமொழிக்கா பஞ்சம்.

அப்புறம் நீ செய்ததை இந்தத் தாளில் எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் போகிறேன்.

தூண்டில் போடுவது நம் தொழிலில் ஒரு வேலை. வாடிக்கையாளரின் ஊழியர்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்புவோம், யார் ஏமாந்து அழுத்துகிறார்கள் என்று பார்ப்போம், பிறகு உட்காரவைத்துப் பாடம் எடுப்போம். பரிசு விழுந்தது, பார்சல் வந்தது, சம்பளம் கூடியது என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். பெற்றவர்கள் உடம்பையும் பிள்ளைகள் உடம்பையும் மட்டும் தொடக் கூடாது. மகனுக்கு அடிபட்டுவிட்டது என்ற நம் பொய்யைப் படித்துவிட்டு அந்த லாரி கம்பெனிக் கணக்கர் அம்மாள் மாடிப்படியில் உருண்ட பிறகு, நீயும் நானும் உட்கார்ந்து போட்ட விதி அது. கட்டுப்போட்ட அவள் காலைப் பார்த்துவிட்டு வந்து அழுதவன் நீ.

அப்படிப்பட்டவன்தான் எனக்கு அனுப்பினாய். 'தங்கள் தாயார் குளியலறையில் விழுந்து அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளார். சிகிச்சையைத் தொடங்க உறவினர் ஒப்புதல் தேவை.' கீழே ஒரு பொத்தான். அழுத்துவதற்கு முன் யோசியுங்கள் என்று இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தும் நான், யோசிக்காமல் அழுத்தினேன். அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. டிவி ஓடும்போது அவள் போனை எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாய். எந்த ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டாமல் வீட்டுக்கு ஓடினேன். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்னடி, ஆபீஸ்ல கரண்ட் இல்லையா" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்போதுகூட உன்னைச் சந்தேகப்படவில்லை. போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ விளையாடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆபீசுக்குத் திரும்பி வந்து பார்த்தால், கோட்டுக்காரர் கேட்ட, கள்ளவழி வைத்த பதிப்புக்கு என் ஒப்புதல் விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே உன் ஒப்புதல். வேலியே பயிரை மேய்ந்தது அப்போதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்து நான் அழுத்தியது அதற்குத்தான்.

அந்த நிமிஷமே என் ஒப்புதல் எதுவும் இனிச் செல்லாது என்று ரத்து செய்தேன். அந்தப் பதிப்பு அங்கேயே செத்தது. உன் புது அலுவலகத் திறப்பு விழாவில் கோட்டுக்காரரும் அவர் கூட்டி வந்த பெரிய மனிதர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் சிவப்பு எழுத்து வந்ததாம். உன் மானம் போயிற்றாம். அக்கா முதுகில் குத்திவிட்டாள் என்று ஆபீஸ் முழுக்க மின்னஞ்சல் அனுப்பினாய். போகட்டும், குத்தினேன் என்றே வைத்துக்கொள். மறுபடி சந்தர்ப்பம் கிடைத்தாலும் குத்துவேன். பெற்றவளை முன்னால் நிறுத்திவிட்டு அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குத்தமாட்டேன்.

இங்கே ஆபீஸ் இரண்டு கட்சியாகிவிட்டது. உன் கட்சிக்காரர்கள் என் அறை வழியாகக் காபி எடுக்கப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்கள். விஷயம் வெளியே கசிந்து, சின்ன ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் நேரில் வந்து, எங்களுக்குக் கொடுத்ததிலும் இப்படி ஒரு வழி இருக்கிறதா மேடம் என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. உன் சந்தை விரிகிறதோ இல்லையோ, என் சந்தை சுருங்க ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா நிஜமாகவே விழுந்தாள். அதே குளியலறை. எவன் வாய் முகூர்த்தமோ பலித்துவிட்டது என்று, அன்று நான் அழுதுகொண்டு ஓடி வந்ததைப் பார்த்திருந்த பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சும்மா இருங்கள் என்று அவள் வாயை அடைத்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை உனக்குச் சொல்கிறேன். புலி வருது புலி வருது என்று பொய் சொன்னவனைத்தான் கதையில் கடைசியில் புலி அடிக்கும். நம் வீட்டில் சொன்னவன் கண்ணாடி மேஜை போட்டு ஏசியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகப் பேசுகிறார். "நாள் தள்ளத் தள்ள நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண் வரும், அப்புறம் ஆபரேஷன் வேண்டாம்னு நானே சொல்ல வேண்டி வரும்" என்றார். அம்மாவின் இதயம் மயக்க மருந்தைத் தாங்கும், தாங்காமலும் போகலாம் என்றும் சொன்னார். அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார், மறைத்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அம்மா முன்பே மிரட்டியிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான், "அப்ப சின்னவன் பேசட்டும், அவன் பேசாம நான் உள்ள போகமாட்டேன்" என்று ஆரம்பித்தாள். உனக்கு அங்கே தலைக்கு மேல் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளை வைத்து நீ தூண்டில் போட்டதை இன்னும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. இருக்கிற வலி அவளுக்குப் போதும்.

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு ஒரு மகன். வேலை முடிந்ததும் நேராக வந்து அவள் காலைப் பிடித்துவிடுகிறான். அவன் வந்தால் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்க்கிறாள். இடுப்பு விடுவதில்லை. கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதுவரை எழுதிவிட்டு மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா விழித்திருக்கிறாள், தாளைப் பார்த்துவிட்டாள். யாருக்கு என்றாள். உனக்கு என்றேன். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்றாள். மழுப்பிப் பார்த்தேன். இவளிடம் மழுப்பி ஜெயித்தவர்கள் நம் வீட்டில் யார்? நீ விழுந்ததை அவன் நம்பவில்லை அம்மா என்று மட்டும் சொன்னேன். ஏன் நம்பவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. பேனாவை எடு என்று சைகை காட்டினாள். பிறகு, "எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்றேன், எழுது. நான்தான்னு புரிஞ்சுக்குவான்" என்றாள். நம் தொழிலை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

நீ புறப்பட்ட அன்று, நான் காரை எடுத்துவரப் போயிருந்த நேரத்தில், விமான நிலையத்துக்குள் போன நீ திரும்பவும் வாசலுக்கு வந்தாயாம். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கும்மா. தோத்துட்டா அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவகிட்ட சொல்லிடாத" என்றாயாம். அம்மா இன்றுவரை சொன்னதில்லை. இப்போதும், பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மீற வைத்துவிட்டாயே என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் சொன்னாள்.

இதை மின்னஞ்சலில் அனுப்பமாட்டேன். உன் அஞ்சலைக் கோட்டுக்காரரின் ஆட்கள் படிக்கிறார்கள் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். ஆபீஸ் முகவரியும் வேண்டாம். உன் அறை முகவரிக்குக் கூரியரில் போடுகிறேன், வெள்ளிக்கு முன்பே சேர்ந்துவிடும் என்கிறார்கள். எழுத்து இங்கே கோணலாகப் போவதற்குக் காரணம், இந்த நாற்காலிக்குக் கைப்பிடி இல்லாததுதான்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பதிப்புக்கு என் உயிர் இருக்கும்வரை ஒப்புதல் கிடையாது, அதற்காக வெளிநாட்டுக் கதவு மூடிக்கொண்டாலும் சரி. நீ வந்தால் இந்த வராந்தாவில் நிறுத்தி நாலு பேர் கேட்கத் திட்டுவேன். நீயும் திட்டு. தோற்றுவிட்டு வந்தாலும் வா, ஜெயித்துவிட்டு வந்தாலும் வா, என் மூஞ்சி ஒரே மூஞ்சிதான். இதைப் படித்த உடனே முதலில் அத்தான் நம்பரைத் திறந்துவிட்டு அம்மாவிடம் பேசு. பிறகு கிளம்பு.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தான் பக்கத்தில் இருப்பார். இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா