மூன்று கம்பியும் எட்டு எண்ணும்

திங்கள். புழுக்கம்.
ஃபேக்டரிக்கு லீவு. ரவாங்கிலிருந்து என் வீட்டுக்காரரோடு கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட். அவர் பிறந்த இடம். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்னும் சிவப்பு ஐசி அட்டைதான், குடியுரிமை இல்லை. ஒரே சாட்சி, எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் பதிவேடு. தாளைக் கரையான் தின்றாயிற்று. யாரோ தட்டி வைத்தது ஆபீஸ் மூலையில் பழைய கணினியில் மட்டும்.

ஆபீஸ் எழுத்தர், கிராணி: "அணைச்சிராதீங்கம்மா, அப்புறம் எழும்பாது லா. வெள்ளிக்கெழம எல்லாத்தையும் லோரில ஏத்திருவாங்க."

யுஎஸ்பி இல்லை. பின்னால் சீரியல் போர்ட் ஒன்று. உள்ளே டிஸ்க் கரகரவென்கிறது. திரையில் அவர் பெயரும் பிறந்த தேதியும் உள்ள வரியைப் போனில் படம் எடுத்தேன். ஆனால் பதிவு இலாகா கவுண்டரில் படம் செல்லாதாம்; முழுப் பதிவேடும் அச்சில், எஸ்டேட் முத்திரையோடு வேண்டுமாம். நாள் கொடுத்திருப்பது வியாழன். பயமாக இருக்கிறது.

செவ்வாய். மழை.
அந்தப் போர்ட்டை என் லேப்டாப்போடு இணைக்க நானே கம்பி கட்டுகிறேன். ஒன்பது பின் தலை 2. ஈயம். மூன்று கம்பி.
2 – 3. 3 – 2. 5 – 5.
பின்பக்கம் திருப்பினால் எண்கள் இடம் மாறி நிற்கும். தினமும் ஃபேக்டரியில் செய்கிற வேலை, அப்படியும் முதல் தலையைத் தப்பாகப் பற்றவைத்தேன். பிரித்து மறுபடி. நான்கு முறை மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
அவர்: "கம்பிதானேடி. அதுக்கு ஏன் இத்தன தடவ பாக்குற?"

புதன். மேகம்.
வந்தது! என் லேப்டாப்பில் எழுத்து, வரி வரியாக. ஆமை வேகம். முதல் லயத்து வீட்டு வரிசை, இரண்டாவது லயம். அவர்கள் வீடு கடைசி லயத்தில் கடைசி. மூச்சு விடவே பயம்.

இடி. வெளியே நின்றவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். லயத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான், இடி கேட்டால் முதலில் பிளக்.
"கம்பியத் தொட்டுக்கிட்டு உக்காந்திருக்க, செத்துப் போயிருப்படி!"

கணினி எழும்பவில்லை. ஏழு முறை பார்த்தாயிற்று. கடைசியாக வந்த வரி: அவர் பெயர், அம்மா பெயர். தேதி வரவில்லை.
"வந்திருச்சா?" அவர் கேட்டார்.
"வந்திருச்சு."
போன் படத்தைப் பார்த்துத் தேதியின் எட்டு எண்ணையும் நானே தட்டினேன். உண்மையான தேதிதான். பிறகு முழுப் பதிவேட்டையும் அச்சடித்தேன்.

வியாழன்.
காலையில் கிராணி முத்திரை குத்தினார். கவுண்டரில் ஆபீசர் அம்மா எல்லாத் தாளையும் புரட்டினார். என் வீட்டுக்காரர் பெயரில் விரலை வைத்து மலாயில் கேட்டார்: கணினியில் இருந்தது அப்படியே இதுதானா? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பெருமையாகச் சொன்னார், என் மனைவியே கம்பி கட்டி எடுத்தது என்று.

ஒரு தாளை நீட்டினார்கள். எதையும் மாற்றவில்லை என்று உறுதி. கீழே கையெழுத்து. நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவர் முந்திக்கொண்டு வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.